இடது தோளில் இரண்டு தட்டு

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பிறவியிலேயே காது கேட்காதவர்களின் கூட்டத்தில் வாயால் சொல்லும் பெயருக்கு அதிக வேலை கிடையாது. ஆளைப் பார்த்து, குணத்தைப் பார்த்து, கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். இரண்டு விரலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கத்தரி போல வெட்டிக் காட்டினால் அது அவள். ஆடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிற வேலை என்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். பாதிப் பேச்சில் வெட்டிவிடுகிற பழக்கத்தால் வந்தது என்று அவள் கணவர் சொல்வார். அவரும் காது கேட்காதவர்தான். வெல்டிங் பட்டறையில் வேலை. வீட்டில் சண்டை வந்தால், பேசிப் பேசி இரண்டு பேருக்கும் கை வலிக்கும்வரை நடக்கும்.

கத்தரிக்கு உடுப்பு என்றால் உயிர். தனக்கு வேண்டியதை எல்லாம் தானே வெட்டித் தைத்துக்கொள்வாள். பளிச்சென்று இருக்கும், ஆனால் முன்பக்கம் பூவோ கட்டமோ ஒன்றும் இருக்காது. கையால் பேசுகிறவர்களுக்கு நெஞ்சுக்கு முன்னால்தான் பேச்சு. அங்கே பூப்போட்ட துணி இருந்தால் சந்தை இரைச்சலில் நின்று பேசுவது மாதிரி, பார்க்கிறவருக்குக் கண் வலிக்கும். அதனால் அழகையெல்லாம் அவள் தோளிலும் கைமடிப்பிலும் முதுகிலும் கொண்டுபோய் வைப்பாள். பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள் திங்கட்கிழமை காலையில் அவள் என்ன போட்டுக்கொண்டு வருகிறாள் என்று வாசலையே பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த ஆரஞ்சு அங்கி வந்து சேர்ந்தது.

நடந்தது இதுதான். துணி வெட்டும் கூடத்தில் துணிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு ஒரு மோட்டார் வண்டி போய்வரும். ஒருநாள் கத்தரி மேஜைமேல் விரித்த துணியில் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். புது ஆள், ஹாரன் அடித்தால் யாராக இருந்தாலும் விலகுவார்கள் என்று நம்பினவர். கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, சுருள் நிற்கவில்லை. உருண்டு வந்து அவள் கணுக்காலில் விழுந்தது. எலும்பு முறியவில்லை, வீங்கியது. ஆனால் முதலாளியம்மா ஆடிப்போய்விட்டார்.

கால் சரியாகித் திரும்பி வந்த அன்று முதலாளியம்மா கையில் ஓர் அங்கியோடு நின்றார். சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது மாதிரி, கை இல்லாதது. முதுகில் தூரத்திலிருந்தே படிக்கும்படி கறுப்பு எழுத்தில் 'காது கேளாதவர்'.

"உன் நல்லதுக்குத்தாம்மா," என்று முதலாளியம்மா வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "இது இல்லாம கூடத்துக்குள்ள வராதே. எனக்கு மனசு கேக்காது."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருக்கலாம். கத்தரி அங்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்தாள். தோளில் அவள் பார்த்துப் பார்த்து வைத்த சுருக்கமெல்லாம் அதற்கடியில் நசுங்கிக் கிடந்தது. ஒருநாள் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டாள். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் முதுகைப் படித்துவிட்டு, எழுந்து இடம் கொடுத்து, கன்னத்தைத் தடவி உச்சுக் கொட்டினார். கத்தரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதி வழியை நடந்தே வந்தாள். வீட்டுக்கு வந்தபோது காலும் வலித்தது, கோபமும் ஆறவில்லை.

"ஹாரன் அடிச்சா எனக்குத் தெரியணும். அவ்வளவுதானே?" என்று கணவரிடம் கையால் கேட்டாள். (கையால் சொன்னதை எல்லாம் இங்கே வாயால் சொன்னதுபோல எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.) "அதுக்கு என்னை எதுக்கு அறிவிப்புப் பலகை ஆக்கணும்?"

காது கேட்காதவர்களின் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு இன்ஜினியர் வரப்போவதாகச் செய்தி வந்தது. சின்னக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சத்தம் வந்தால் அதிரும் பெட்டி ஒன்று செய்திருக்கிறாராம், போட்டுப் பார்க்க ஆள் தேடுகிறாராம். கத்தரி நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனாள். நாத்தனாருக்குக் காது கேட்கும். அண்ணனோடு வளர்ந்ததால் கைப்பேச்சு அவளுக்குத் தாய்மொழி மாதிரி. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. யார் கத்தினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகினவள்.

பெட்டி சாம்பல் நிறத்தில், சோப்பு டப்பா அளவில் இருந்தது. இடுப்பு பெல்ட்டில் மாட்ட ஒரு கொக்கி. இன்ஜினியர் கையைத் தட்டினார். அது மேஜைமேல் நண்டு மாதிரி நகர்ந்தது.

கத்தரியின் கைகள் பறந்தன. "இதை இடுப்புல மாட்டிக்கிட்டு நான் என்ன, எலிப்பொறி விக்கப் போறேனா? இவரு வீட்டம்மா இதைக் கட்டிக்கிட்டு கடைத்தெருவுக்குப் போவாங்களான்னு கேளு."

நாத்தனார் இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "அண்ணிக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம் சார். அளவு மட்டும் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லா இருக்கும்ங்கறாங்க."

இன்ஜினியர் நெற்றியைச் சொறிந்தார். "கை அவ்வளவு நேரம் ஓடுச்சே. இவ்வளவுதான் சொன்னாங்களா?"

உதட்டைப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் எழுந்து போய்க் கத்தரி சொன்னதை ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தார். இன்ஜினியர் படித்தார். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"நியாயம்தான்," என்றார் அவர் கடைசியில். "வேலை செய்யுதான்னு பார்த்தேன். போட்டுக்கிட்டு யாராவது வெளிய போவாங்களான்னு நான் யோசிக்கவே இல்லை. நீங்க வரீங்களா? சேர்ந்து செய்வோம்."

கத்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வருகிறேன் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சங்கத்து அறையில் அவர்களுடைய கடை விரிந்தது. ஒரு பக்கம் துணி, தோல் துண்டு, ஊசி. இன்னொரு பக்கம் ஒயர், பாட்டரி, காசு அளவில் குட்டி மோட்டார். சங்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிலும் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் குற்றம் சொல்வார்கள். அதற்காகத்தான் அவர்களை உட்கார வைத்திருந்தது.

முதலில் கத்தரி செய்தது ஒரு பட்டுக் கழுத்துத்துணி. மோட்டாரை ஓரத்து மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தாள். கண்ணுக்குத் துளியும் தெரியாது. "துணி தொங்கினா அதிர்வு உடம்புக்கு வராதுங்க," என்று இன்ஜினியர் முன்பே சொல்லியிருந்தார். அவள் கேட்டால்தானே. போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவர் பொத்தானை அழுத்தினார். துணி இலை மாதிரி நடுங்குவது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது, அவளைத் தவிர. எப்போது அழுத்தப் போகிறீர்கள் என்று அவள் கேட்டதும் அறையே சிரித்தது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லவில்லை. அவர் முகம் சொல்லிவிட்டது. முகம் பார்த்தே பழகியவர்களிடம் அதை எங்கே ஒளிப்பது?

அடுத்து அவர் முறை. கைக்கடிகாரப் பட்டை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். மணிக்கட்டில் நன்றாகப் பதிந்தது, அதிர்ந்தது. ஆனால் பேசுகிறவளின் கை சும்மா இருக்குமா? வீசி வீசிப் பேசும்போது அது அதிர்ந்ததே தெரியவில்லை. போதாக்குறைக்குப் பட்டை இன்னொரு கையில் இடித்தது. "வாயில கல்லை வச்சுக்கிட்டு பேசற மாதிரி இருக்கு," என்றாள் கத்தரி. இந்தத் தடவை நாத்தனார் மாற்றாமல் சொன்னாள். அதில் மாற்ற ஒன்றும் இல்லை.

நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். படபடப்பு வந்ததோ என்று ஒருவர் பயந்துபோனார். கணுக்காலில் வைத்தார்கள், நடந்தால் தெரியவில்லை. இப்படியே மாதங்கள் ஓடின. வந்தவர்களில் பாதிப் பேர் சலித்து நின்றுவிட்டார்கள். கத்தரி ஒரு ஞாயிறும் விடவில்லை. திங்கள் முதல் சனி வரை அந்த அங்கிக்குள் நின்றவளுக்கு, ஞாயிறு வந்தால் தூக்கம் பிடிக்காது.

ஒருநாள் இன்ஜினியர் வேறு மாதிரி கேட்டார். "கருவியை விடுங்க. நீங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவீங்க?"

இது ஒரு கேள்வியா என்பதுபோல எல்லோருடைய கையும் பக்கத்தில் இருந்தவர் தோளுக்குப் போனது. பிறகு ஆளாளுக்கு அவருக்குப் பாடம் எடுத்தார்கள். தோளின் வெளிப்பக்கம் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, அதுதான் மரியாதை. ஒரு தட்டு தட்டினால் தெரியாமல் இடித்துவிட்டதாக நினைப்பார்கள். விடாமல் தட்டினால் எங்கோ தீப்பிடித்திருக்கிறது. ஒருவர் அவர் தோளில் தட்டிக் காட்டினார். இன்னொருவர் அது தப்பு என்று வேறு மாதிரி தட்டினார். அன்று அவர் இடது தோள் சிவந்துதான் வீட்டுக்குப் போனார். சங்கத்தில் அவருக்கு அன்றைக்கே பெயரும் வைத்தார்கள்: ஒரு விரலால் நெற்றியைச் சொறிந்து காட்டினால் அவர்.

இடம் கிடைத்துவிட்டது. சட்டையின் தோள் தையலுக்குள், எலும்பின்மேல் அழுந்தும்படி மோட்டாரை வைத்துத் தைத்தாள் கத்தரி. அதிர்வு இல்லாமல், விரலால் தட்டுவதுபோல இரண்டு அடி விழும்படி இன்ஜினியர் மாற்றிக் கொடுத்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதைத்தான் செம்பட்டை உடைத்தாள். செம்பட்டை முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்கிற பெண். முடிக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்ததால் அந்தப் பெயர். காதில் போடும் கருவியிலேயே கல் ஒட்டிப் போட்டுக்கொள்வாள். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது. அதான் விசேஷமே."

"ஏன் தெரியக்கூடாது? உனக்கு வெக்கமா?"

கத்தரி சட்டையைப் பிடுங்கி மடித்து வைத்தாள்.

"மூக்குக்கண்ணாடி போடறவங்க சட்டைக்குள்ளயா ஒளிச்சு வச்சுக்கறாங்க?" என்றாள் செம்பட்டை. "நல்ல ஃபிரேமாப் பார்த்து, காட்டிக்கிட்டுத்தானே போடறாங்க? எனக்கு இதைக் காட்டணும். என் வாடிக்கையாளர் என் தோளைப் பார்த்து, எங்க வாங்கினேன்னு கேக்கணும். ஒளிச்சு வைக்கறதுன்னா எனக்கு வேண்டாம்."

கத்தரி கோபத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவரிடம் முழுக்கதையையும் கொட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த அங்கிமேல உனக்கு எது கோபம்? எல்லாருக்கும் தெரிஞ்சதா? இல்லை, உன் முதுகுல உன்னைக் கேக்காம இன்னொருத்தங்க எழுதினதா?"

அவள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உங்க பட்டறையில தாமிரத் தகடு கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படி உருவானதுதான் அந்தத் தோள்நகை. மெல்லிய தோலில் அடித்தளம். அதன்மேல் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்த தாமிர இதழ்கள். எந்தச் சட்டைமேலும் கழுத்தோரத்திலிருந்து தோள் முனைவரை வளைந்து உட்காரும்; கையிடுக்கு வழியாக ஒரு பட்டை போய்ப் பிடித்துக்கொள்ளும். தாமிரத்தைப் பார்த்ததும் இன்ஜினியர் கையை உதறினார்: "உலோகத்தால மூடினா பொத்தானோட சிக்னல் உள்ள வராதுங்க!" அவருக்குச் சங்கதி தெரியும் என்பதைப் பட்டுத்துணி அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. இந்தத் தடவை கேட்டாள். கடைசி இதழை மட்டும் தோலிலேயே விட்டு, சிக்னல் வாங்கும் ஒயரை அதற்குள் கொண்டுவந்தார்கள். தாமிர வரிசைக்கடியில் கருஞ்சிவப்பில் ஒற்றைத் தோலிதழ். வேண்டுமென்றே வைத்ததுபோல அதுதான் எடுப்பாக இருந்தது.

பட்டறையில் போட்டுப் பார்த்த முதல்நாள் படுதோல்வி. தையல் மெஷின்களின் சத்தத்தை எல்லாம் அது ஹாரன் என்று எடுத்துக்கொண்டது. சாயங்காலம்வரை யாரோ விடாமல் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? துணி ஒன்று கோணலாக வெட்டுப்பட்டது. அவள் வேலையில் அதுவரை அப்படி ஆனதில்லை.

"விட்டுருவோமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"துணிதானே கெட்டுச்சு. என் கை நல்லாத்தான் இருக்கு."

சத்தத்தை நம்பினால்தானே தொல்லை? சத்தம் பிடிக்க அதில் வைத்திருந்த மைக்கை இன்ஜினியர் எடுத்துவிட்டார். வண்டியின் ஹாரன் பொத்தானோடு சின்ன அனுப்புகருவி ஒன்றைச் சேர்த்தார். வண்டிக்காரர் அழுத்தினால் வெளியே ஹாரன், அவள் தோளில் விடாத தட்டல். கூட வேலை செய்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு பொத்தான். அவர்கள் அழுத்தினால் இரண்டு தட்டு. அவர்களில், சட்டைக்குப் பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி வம்பு பேசுவதற்கெல்லாம் அழுத்த ஆரம்பித்தாள். அதுவரை கத்தரியின் காதுக்கு வராத பட்டறைக் கதையெல்லாம் இப்போதுதான் அவளுக்கும் வந்தது.

முதலாளியம்மா வந்து நின்று பார்த்தார். கத்தரி மேஜையைப் பார்த்தபடி கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் வண்டி வந்தது. வண்டிக்காரர் அழுத்தினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் மேஜையோரம் ஒதுங்கி, வண்டி போனதும் அதே இடத்துக்கு வந்து கோட்டைத் தொடர்ந்தாள். முதலாளியம்மா இன்னொரு முறை வரச் சொன்னார். இன்னும் ஒரு முறை. பிறகு, "எதுக்கும் அங்கியும் இருக்கட்டுமே, ஒரு பாதுகாப்புக்கு," என்றார்.

கத்தரி சாக்பீஸை எடுத்து மேஜைமேல் விரித்திருந்த கறுப்புத் துணியிலேயே எழுதினாள்: 'எல்லோரும் போட்டால் நானும் போடுகிறேன்.'

முதலாளியம்மா படித்தார். கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் திடீரென்று மும்முரமாக வேலை செய்தார்கள். "சரி, கழட்டு," என்றார். அடுத்த வாரம் வண்டி போக்குவரத்துக்குத் தரையில் தனியாக மஞ்சள் கோடும் போட்டார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று பலபேருக்குத் தோன்றியது, யாரும் சொல்லவில்லை.

செம்பட்டைக்கு ஒன்று, சங்கத்தில் இன்னும் சிலருக்கு என்று செய்துகொண்டிருந்தபோது பெரிய கடை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஊரில் பாதிப்பேர் உடுப்பு வாங்குகிற கடை. கத்தரி, நாத்தனார், இன்ஜினியர் மூன்று பேரும் போனார்கள். கொள்முதல் அதிகாரி தோள்நகையைக் கையில் வைத்து வெகுநேரம் ரசித்தார். "அருமை. ஊன்றுகோல், காதுக் கருவியெல்லாம் வைக்கிற பிரிவு இருக்கு, அங்க வைப்போம். ஒரு பொண்ணு சோகமா நிக்கற மாதிரி படம். 'ஓசையில்லா உலகில் ஒரு வெளிச்சம்'னு எழுதினா சனங்க மனசு உருகிடும்."

கத்தரி நாத்தனாரைப் பார்த்தாள். "நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாத்தினே, வீட்டுக்கு வராதே."

நாத்தனார் அதிகாரி பக்கம் திரும்பினாள். சொன்னாள்: "'நான் செஞ்சது நகை. நகை வைக்கிற இடத்துல வைங்க. சோகமா ஆள் வேணும்னா வேற எங்கயாவது தேடுங்க. எங்க ஆளுங்க போட்டுக்கிட்டுச் சிரிக்கற படம்தான் போடணும். இல்லைன்னா வேண்டாம்.'" கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் அந்த வெளிச்சம் விஷயத்துக்கு ஒண்ணு சொன்னாங்க சார், அது நிஜமாவே சொல்ற மாதிரி இல்லை," என்றாள்.

"அப்ப எங்களால எடுக்க முடியாதுங்க," என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் இன்ஜினியர் நாலடி முன்னால் நடந்தார். பிறகு நின்று, தட்டுத் தடுமாறிய தன் கைப்பேச்சில் சொன்னார்: "நீங்க சொன்னது சரி. ஆனா என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சேர்ந்து செய்யறோம்னுதானே பேச்சு?"

அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தவர்கள்மேல் வருடக்கணக்காகக் கோபப்பட்டவள் அவள். "தப்புதான்," என்றாள். "இனிமே கேக்கறேன். ஆனா அங்கேயே உங்களைக் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் நெற்றியைச் சொறிந்தார். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

கடை கைவிட்டதால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை; நாள்தான் பிடித்தது. செம்பட்டை சொன்னபடியே அவள் வாடிக்கையாளர்கள் தோளைப் பார்த்துக் கேட்டார்கள். காது நன்றாகக் கேட்கிறவர்களே கேட்டார்கள். வெல்டிங் பட்டறையில் காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்குக் கிரேன் வருவது கேட்காது. அங்கிருந்த மேஸ்திரி தன் ஆட்களுக்கெல்லாம் ஒன்று வேண்டும், தாமிரம் வேண்டாம், கெட்டித் தோலில் போதும் என்றார். மிதிவண்டிக் கடை மாடியில் இரண்டு அறை எடுத்தார்கள். கத்தரி பட்டறை வேலையை விட்டாள். போகும்போது முதலாளியம்மா அழுதார். தன் தங்கை மகளுக்கு ஒன்று வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

இப்போது அந்த மாடியில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பேருக்குக் காது கேட்காது. எதைச் செய்தாலும் சங்கத்தில் போட்டுப் பார்த்து, குற்றம் சொல்லி ஓய்ந்த பிறகுதான் வெளியே போகும். இந்த வருடம் மழைக்குத் தாங்குகிற ஒன்றுக்காகப் போராட்டம். இதுவரை செய்தவையெல்லாம் தண்ணீர் புகுந்து செத்துப்போயின.

போன வாரம் பகலில் மிதிவண்டிக் கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் கத்தரி புதிதாகச் செய்ததை மாட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் வண்டி கழுவும் குழாயை அவள் தோள்மேல் பிடித்தாள். இன்ஜினியர் சுவரோரம் நின்று பொத்தானை அழுத்தினார். தட்டியது. மறுபடி அழுத்தினார். தட்டியது. உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. போதுமா என்று கையால் கேட்டார். அவள் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, நாத்தனார் பக்கம் திரும்பி, குழாயை இன்னும் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள்.